ஒத்திருத்தல் குற்றமா?

கொடைக்கானல், நீலகிரி முதலிய குளிர்ந்த மலைகளில், பாதையோரப் புல்லோடு புல்லாகப் படர்ந்து கிடக்கும் சிறு கொடி ஒன்று உண்டு. ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் ரோசாவைப் போல நிமிர்ந்து நிற்பதில்லை. அதன் தண்டு தரையை விட்டு எழாமல் ஓடி, கணுவுக்குக் கணு வேரூன்றி, மறுபடியும் ஓடும். ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். ஐந்து இதழ் கொண்ட மஞ்சட் பூ, காம்புக்கு ஒன்றாகத் தனித்துப் பூக்கும். பூ உதிர்ந்த இடத்தில் சுண்டுவிரல் நுனியளவில் சிவந்த பழம் வரும். கண்டவர் எவரும் அதை ஸ்ட்ரோபெரி என்றே சொல்வர். பறித்துக் கடித்தால்தான் தெரியும்: இனிப்புமில்லை, புளிப்புமில்லை, நீரில் நனைந்த பஞ்சைக் கடித்தது போலிருக்கும். நஞ்சென்று அஞ்சவும் வேண்டியதில்லை. தின்றவருக்கு ஏமாற்றத்தைத் தவிர வேறு கெடுதி செய்யாத பழம்.

எங்கள் கல்முனைக் கரையில் இது முளைக்காது. மணலும் உப்புக் காற்றும் வெயிலும் அதற்கு ஆகாதவை. ஆயினும், வேளாங்கண்ணி யாத்திரை போகும் நம் குடும்பங்களிற் சில, அப்படியே கொடைக்கானலையும் பார்த்துவிட்டு வருவதுண்டு. அவ்வாறு போன குடும்பமொன்றில் நடந்ததை ஒருவர் சொல்லக் கேட்டேன். பேரப்பிள்ளை புல்லுக்குள் இந்தப் பழத்தைக் கண்டு, ஆசையோடு வாயிலிட்டு, முகத்தைச் சுளித்திருக்கிறான். "அது பொய்ப்பழம் மனே, துப்பு" என்றிருக்கிறார் அம்மம்மா. பையன் துப்பிவிட்டுக் கேட்டானாம்: "பழம் எப்பிடி அம்மம்மா பொய் சொல்லும்?"

எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்விதானா அது என்று நாம் சற்று நின்று பார்ப்போம்.

அம்மம்மாவை மாத்திரம் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலேயர் இச்செடிக்கு இட்ட பெயரே 'போலி ஸ்ட்ரோபெரி' என்பதுதான். இந்தியாவிலிருந்து வந்தது என்பதால் 'இந்திய ஸ்ட்ரோபெரி' என்றும் சொல்வர். சீனரும் யப்பானியரும் ஒருபடி மேலே போய் அதைப் பாம்பின் பழம் என்று அழைக்கிறார்கள். தாவரவியலார் பட்ட பாடு வேறு. 1807இல் ஆன்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர் இதை ஸ்ட்ரோபெரி இனத்திலேயே சேர்த்துவிட்டார். 1811இல் ஸ்மித் என்பவர், "பூ மஞ்சளாக இருக்கிறதே, ஸ்ட்ரோபெரிப் பூ வெள்ளையல்லவா?" என்ற ஐயத்தினாற் போலும், இதைப் பிரித்துத் தனியினமாக்கினார். அந்த இனத்துக்கு, ஸ்ட்ரோபெரிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய டுஷேன் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சூட்டினார். அதாவது, பிரித்தெடுத்த பின்னரும் ஸ்ட்ரோபெரியின் நிழல் அதை விடவில்லை. 1904இல்தான் வொல்ஃப் என்ற அறிஞர், மஞ்சட் பூப் பூக்கும் அதன் சொந்த உறவினங்களோடு, பொட்டென்டில்லா என்ற இனத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறிய வல்லமை உடையது என்ற கருத்துடைய இலத்தீன் பெயர் அது. இக்காலத்து மரபணு ஆய்வுகளும் வொல்ஃபின் பக்கமே பேசுகின்றன. தன் இனத்தோடு சேர இந்தச் செடிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இனி, இதைப் போலியாக்கிய அந்த 'உண்மையான' ஸ்ட்ரோபெரியின் கதையைக் கேளுங்கள். நாம் கடையில் வாங்கும் பெரிய ஸ்ட்ரோபெரி ஆதியில் எந்தக் காட்டிலும் முளைத்ததல்ல. வட அமெரிக்காவில் ஒன்றும், தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஒன்றுமாக இருந்த இரு செடிகள் ஐரோப்பியத் தோட்டங்களில் தற்செயலாகக் கலந்து, 18ஆம் நூற்றாண்டில் பிறந்த கலப்பினம் அது. 1766இல், இருபது வயதும் நிரம்பாத அதே டுஷேன்தான் அதன் பிறப்பைக் கண்டுபிடித்து எழுதினார். சிலி நாட்டுச் செடியை 1714இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் ஃப்ரெசியே என்ற படைப் பொறியியலாளர். ஸ்பானியரின் கோட்டைகளை வேவு பார்க்க, வணிகன் வேடம் பூண்டு போனவர் அவர்! உண்மைப் பழத்தின் ஒரு பாதி வேடதாரி ஒருவனின் கையால் வந்தது. நம்முடைய போலிப் பழமோ, கீழைத்தேசத்து மலைகளில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தன்பாட்டில் பூத்துக் காய்த்துக்கொண்டிருந்தது. பின்னால் பிறந்ததை முன்னால் பிறந்தது எப்படிப் போலி செய்ய முடியும்?

இன்னுமொன்று. பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: ஸ்ட்ரோபெரியே ஒரு பொய்க்கனி. நாம் தின்னும் சிவந்த சதை பூவின் அடித்தளம் பருத்து வந்தது. அதன் மேலே விதை போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மணிகளே மெய்யான கனிகள். எங்கள் பகுதியில் காய்க்கும் மரமுந்திரிகைப் பழமும் அப்படித்தான். கனி என்பது அடியில் தொங்கும் கொட்டை, பழம் என்பது வீங்கிய காம்பு. ஆனால் மரமுந்திரிகைப் பழத்தை யாரும் பொய்ப்பழம் என்று துப்புவதில்லை. நாவுக்குச் சுவையாக இருந்தால் பொய்யும் மெய்யாகிவிடுகிறது போலும்.

நம் தமிழிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. பேய்க்கரும்பு, பேய்ப்புடல், நாய்த்துளசி என்றெல்லாம் நம் முன்னோர் பெயரிட்டார்கள். கறிக்கு உதவும் புடலை அளவுகோலாக வைத்து, உதவாததைப் பேயோடு சேர்த்தார்கள். அந்தப் பேய்ப்புடலையே காய்ச்சலுக்கு மருந்தாகக் கஷாயம் வைத்துக் குடித்ததும் அவர்கள்தான். சட்டிக்குள் போகாதது பேய். நோய் வந்தால் மாத்திரம் தெய்வம்!

இனிப் பையனின் கேள்விக்கு வருவோம். பழம் பொய் சொல்லுமா?

புனித அகுஸ்தினார் தம் தனிமொழி நூலில் இதே கேள்வியைத் துருவித் துருவி ஆராய்கிறார். அவருக்கு முற்பட்ட காலத்தில் ரோசியுஸ் என்ற புகழ்பெற்ற நடிகன் மேடையில் எக்குபா என்ற அரசியாக வேடமிடுவான். அவன் பொய்யான எக்குபா. ஆனால் மெய்யான மனிதன், மெய்யான நடிகன். பொய்யான எக்குபாவாக இராவிட்டால் அவன் மெய்யான நடிகனாகவும் இருக்க முடியாது. ஆகவே ஒரு பொருள் மற்றொன்றை வைத்துப் பார்க்கும்போது பொய்யாகவும், தன்னளவில் மெய்யாகவும் இருக்கலாம் என்கிறார் அவர். பொய் என்பதைப் பற்றித் தனியே எழுதிய நூலிலும், உள்ளத்தில் ஒன்றிருக்க, ஏமாற்றும் எண்ணத்தோடு வேறொன்றைச் சொல்வதே பொய் என்று வரையறை செய்கிறார். எண்ணம் வேண்டும். எண்ணம் இல்லாத இடத்தில் ஒப்புமை இருக்கலாம், தவறு நேரலாம், பொய் இராது.

புனித தோமஸ் அக்குவினாரும் பொருள்களிலே பொய்ம்மை உண்டா என்று கேட்டு விடை சொல்கிறார். படைத்தவரின் அறிவுக்கு முன்னால் இயற்கைப் பொருள் எதுவும் பொய்யானதல்ல; எதுவாக நினைக்கப்பட்டதோ அதுவாகவே அது இருக்கிறது. நம்முடைய அறிவோ வெளித்தோற்றத்தில் தொடங்குவது. ஆகையால் ஒன்றைப் போலிருக்கும் மற்றொன்றைப் பொய் என்று அழைக்கிறோம். பித்தநீர் தேனைப் போலிருப்பதால் பொய்த்தேன் எனப்படுவதை அவர் எடுத்துக் காட்டுகிறார். பித்தநீர் தேனாக வேண்டுமென்று ஒருநாளும் முயன்றதில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தேனை எதிர்பார்த்து நாக்கை நீட்டியவன்தான் ஏமாந்தான்.

இந்த மலைக்கொடியும் அப்படியே. பூவை வெள்ளையாக்கிக் காட்டவில்லை, மஞ்சளாகவே பூத்தது. ஸ்ட்ரோபெரிப் பழம் பெரும்பாலும் தலைகவிழ்ந்து தொங்கும்; இதன் பழமோ காம்பின் மேல் நிமிர்ந்து நிற்கும். வேறென்ன அடையாளம் காட்ட வேண்டும்? திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவரச் சாலையை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு, பழனி மலைத் தாவரங்களைப் பல ஆண்டுகள் நடந்து திரட்டி, 1999இல் மூன்று பாகங்களாக நூல் வெளியிட்டார். அத்தகைய சாலையில் ஒவ்வொரு செடியையும் காயவைத்துத் தாளில் ஒட்டி, அருகில் ஒரு சீட்டும் ஒட்டுவார்கள். எங்கே பறித்தது, எந்த நாளில், எவ்வளவு உயரத்தில், பறித்தவர் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். மெய்யா பொய்யா என்று நிரப்ப அச்சீட்டில் இடமே கிடையாது. செடிகளோடு வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கனிகளைக் கொண்டே அவர்களை அறிவீர்கள் என்று ஆண்டவரே சொன்னாரே! சுவையற்ற கனி தந்த செடியைப் போலி என்றால் என்ன பிழை?

அதே வசனத்தின் அருகில் நம் ஊர்ச் செடி ஒன்று நிற்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். முட்செடியில் அத்திப்பழம் பறிப்பாருண்டோ என்று கேட்கும் இடத்தில், மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'திரிபொலோஸ்'. லின்னேயஸ் 1753இல் நெருஞ்சிக்கு இட்ட 'திரிபுலஸ்' என்ற பெயர் அதே சொல்லிலிருந்து வந்தது. நெருஞ்சி நம் மணலில் தரையோடு படர்வது. அதுவும் ஐந்து இதழ் கொண்ட மஞ்சட் பூப் பூப்பது. ரோசாக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. தூரத்தில் நின்று பார்த்தால் அந்த மலைக்கொடியின் அக்கா தங்கை என்றே சொல்லத் தோன்றும். அதன் அழகான பூவை நம்பிக் கால் வைத்தவன் அடுத்த மாதம் முள்ளில் நொண்டுவான். கடற்கரை மைதானங்களில் வெறுங்காலோடு பந்து விளையாடிய பிள்ளைகள் அனைவருக்கும் இது தெரியும். அப்படியிருந்தும் நெருஞ்சியைப் பொய்ப்பூ என்று எவரும் அழைத்ததில்லை. ஏனெனில் அது வேறெந்த நல்ல செடியையும் ஒத்திருக்கவில்லை. குத்துவதற்கு நெருஞ்சி என்று சொந்தப் பெயர். குத்தாததற்குப் போலி என்ற பட்டம். கனியைக் கொண்டு தீர்ப்பிட்டோமா, சாயலைக் கொண்டு தீர்ப்பிட்டோமா?

ஆண்டவர் அங்கே எச்சரித்தது போலித் தீர்க்கதரிசிகளைப் பற்றி; ஆட்டுத் தோல் போர்த்து வரும் ஓநாய்களைப் பற்றி. தோலைத் தேடி எடுத்துப் போர்த்துக்கொள்வது ஒரு செயல். அதற்கு எண்ணம் வேண்டும். பிறந்த தோலோடு நிற்கும் ஆட்டுக்கு அந்தக் குற்றம் பொருந்தாது.

உலகத்தில் போலியே இல்லை என்று சொல்ல வரவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாறன்களை அறியாதவர் இலங்கையில் குறைவு. எங்கோ ஆலையில் நெய்த துணியை ஒரு வியாபாரி மருதமுனைத் துணியென்று சொல்லி விற்றால் அது அப்பட்டமான பொய். ஆனால் பொய் எங்கேயிருக்கிறது? நூலிலா? ஆலைத் துணியும் துணிதான். உடுத்தால் மானம் காக்கும். பொய் வியாபாரியின் நாவில் இருக்கிறது. அவனுடைய நாவை விட்டுவிட்டுத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிறவனை நாம் என்னவென்போம்?

செடியையும் துணியையும் விட்டு மனிதருக்கு வரும்போது இந்தக் கேள்வி கனத்துவிடுகிறது. கல்முனையில் வாழ்பவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு, பெரியநீலாவணை என்று ஒரே வீதியோரத்தில் ஊர்கள் தொடுத்தாற் போலிருக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பேச்சை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாரும் பேசுவது தமிழே. பெயரைக் கேட்டால்தான் தெரியும். பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணனும் கல்முனைக்குடியின் கவிஞர் நுஃமானும் ஒரே தமிழில் எழுதி ஒருவரையொருவர் வளர்த்த மண் இது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அதற்காகத் தமிழில் துயருற்றுப் பாடியவர் நுஃமான்.

இம்மக்களுக்கு வெளியார் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். 1505இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர், தங்கள் நாட்டில் பல நூற்றாண்டுகள் போரிட்ட வட ஆபிரிக்க முஸ்லிம்களை 'மூர்' என்று அழைத்துப் பழகியவர்கள். இங்கே கரையில் தொழுகையைக் கண்டதும் அதே பெயரை இவர்கள் தலையிலும் வைத்தார்கள். மொரோக்கோ எங்கே, மட்டக்களப்பு எங்கே? ஆனால் பெயர் நின்றுவிட்டது. பெயரோடு பழைய பகையும் கப்பலேறி வந்தது.

அது அந்நியர் செய்தது என்று நாம் தப்பிவிட முடியாது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்ட நிரூபண சபையிலும், 1888இல் றோயல் ஏசியாட்டிக் சங்கத்தில் வாசித்த கட்டுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். முஸ்லிம்களுக்கென்று சட்ட சபையில் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற பேச்சு எழுந்த காலம் அது. 1889இல் அந்தப் பிரதிநிதி நியமனமானார். ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே வெளியிட்டார். இராமநாதனின் கல்வியிலோ நாட்டுக்கு அவர் ஆற்றிய தொண்டிலோ எமக்கு ஐயமில்லை. ஆனால் "நீ மெய்யாக நான்தான்" என்று சொல்வதும், "நீ என்னைப் போலிருக்கிறாய், ஆனால் நானில்லை" என்று சொல்வதும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் என்றே படுகிறது. இரண்டிலும் அளவுகோல் 'நான்'. ஆன்ட்ரூஸ் அந்தக் கொடியை ஸ்ட்ரோபெரி என்றார். மற்றவர்கள் போலி ஸ்ட்ரோபெரி என்றார்கள். அது என்ன என்று அதனிடமே கேட்டவர் பிறகுதான் வந்தார்.

பெயரைக் கேட்டு ஆளைத் தீர்மானித்த காலங்களை இக்கரை கண்டிருக்கிறது. 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்த தமிழரும் கொல்லப்பட்டார்கள். மாண்டவர்களில் எத்தனை பேர் எவருக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்று எவரும் விசாரிக்கவில்லை. வேறு யாரையோ ஒத்திருந்தார்கள், அதுவே போதுமாயிருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பு விடுதிகள் என்று ஒரே காலையில் 260க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் காயத்தை இலேசாகப் பேச எந்தக் கத்தோலிக்கக் குடும்பத்தாலும் முடியாது. பேராயர் மல்கம் றஞ்சித் ஆண்டகை பழிவாங்க வேண்டாமென்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஆனால் நீர்கொழும்பில் அந்நாட்களில் நடந்த ஒன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பாகிஸ்தானிலிருந்து தப்பிவந்த நூற்றுக்கணக்கான அகதிகள் அப்போது அங்கே வாடகை வீடுகளில் இருந்தார்கள். அவர்களுட் பெரும்பாலோர் அகமதியர். 1974இல் பாகிஸ்தான் தன் அரசியலமைப்பையே திருத்தி, இவர்கள் முஸ்லிம்களல்லர் என்று எழுதிவைத்தது. போலி முஸ்லிம்கள் என்று சொந்த நாட்டில் துரத்தப்பட்டு வந்தவர்கள், குண்டுவெடிப்புக்குப் பின் முஸ்லிம்கள் என்பதற்காக நீர்கொழும்பு வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். குழந்தைகளோடு பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஒண்டிக் கிடந்தார்கள். அவர்களுக்கிடையில் பாகிஸ்தானியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இயேசுவின் பெயரை அறிக்கையிட்டதற்காக நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள், கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊரில், முகமும் பேச்சும் உடையும் வேறு யாரையோ ஒத்திருந்த காரணத்தால் தெருவுக்கு வந்தார்கள். பொய்ப்பழமென்று துப்பியது எதை என்று பாருங்கள்.

"அப்படியானால் எவரையும் சந்தேகிக்கவே கூடாதா? கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை குட்டிகளோடு வாழ்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். அக்குவினாரே இதற்கும் இடம் விட்டிருக்கிறார். தீமையொன்றுக்குப் பரிகாரம் தேடும்போது மோசமானதை எண்ணிக்கொண்டு ஏற்பாடு செய்வது தகும் என்கிறார். பெரிய நோய்க்குப் போதுமான மருந்து சிறிய நோய்க்கும் போதுமல்லவா? எனவே கதவுக்குப் பூட்டுப் போடலாம். ஆலய வாசலில் பைகளைச் சோதிக்கலாம். ஆனால் ஒரு மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வேறு என்கிறார். ஐயத்துக்கிடமான இடத்தில் நல்லதையே எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அடிக்கடி ஏமாந்துபோவோமே என்ற மறுப்பையும் அவரே எழுப்பி விடை தருகிறார். கெட்டவன் ஒருவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவன் ஒருவனைக் கெட்டவனென்று எண்ணி அரிதாகத் தவறுவதைவிட மேல். முன்னதில் யாருக்கும் அநீதி இல்லை. பின்னதில் ஒருவனுக்கு அநீதி நடந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்யும் எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியைத் தடுக்கிறது. பொய்ப்பழமென்று பழத்தின் மேல் சொன்ன சாட்சி எந்த வகையைச் சேர்ந்தது என்று அந்த வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கேட்டால் உபதேசியார் திணறத்தான் செய்வார்.

பூட்டுக்கும் தீர்ப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஏட்டில் படிப்பது சுலபம், பயம் பிடித்த வாரத்தில் கடைப்பிடிப்பது கடினம் என்பார்கள். அதே வாரத்தில், 2019 ஏப்ரல் 26இல், கல்முனைக்குத் தெற்கே ஒட்டிக்கிடக்கும் சாய்ந்தமருதில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். தாக்குதல் நடத்தியவர்களின் கூட்டத்தார் சிலர் மனைவி மக்களோடு அங்கே ஒரு வாடகை வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். அவர்களைக் கண்டு ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அப்பகுதி முஸ்லிம் மக்களே. படையினர் சூழ்ந்தபோது உள்ளேயிருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள், குழந்தைகளும் மாண்டனர். உடையையோ தொழுகையையோ பெயரையோ வைத்து அந்த அயலார் சந்தேகித்திருக்க முடியாது. அவர்களுடைய உடையும் அதுதான், தொழுகையும் அதுதான், பெயர்களும் அவைதான். ஒப்புமை அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தார்கள், போய்ச் சொன்னார்கள்.